எட்டிலும் ஒன்பதிலும்

“மேல ஒரே குளிருன்னுல்ல படிச்சிருக்கோம்? அப்புறம் எப்படி அது சூட்டுல செத்துச்சு?”

கேட்டவர் மீனலோசனி. விசாரணைக் குழுவில் அரசாங்கத்தின் பிரதிநிதி. அதுவரை பட்டாசு ஆலை விபத்துகளைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். வானத்தில் நடந்த விபத்து அவருக்கு இதுதான் முதல்.

வெப்பப் பிரிவுப் பொறியாளர் தளவாய் எழுந்தான். மேசையில் இருந்த டீ பிளாஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினான்.

“காலையில ஊத்தி வச்ச டீ மேடம். வெளிய தொட்டுப் பாருங்க. சூடு தெரியுதா?”

“இல்ல.”

“உள்ள இப்பவும் நாக்கு பொத்துப்போற சூடு. ரெண்டு சுவருக்கு நடுவுல ஒண்ணுமே கிடையாது. காத்துகூட இல்ல. சூடு தாண்டி வர வழியில்ல. மேல நாங்க அனுப்பி வச்சிருக்கதும் ஒரு பிளாஸ்க்தான். பெரிய பிளாஸ்க். அதுக்குள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டரு, ஒவ்வொண்ணும் ஒரு அடுப்பா ராப்பகலா எரிஞ்சிட்டிருக்கு.”

“அப்ப அந்தச் சூட்டை எப்படித்தான் வெளியேத்துறீங்க?”

“உள்ள அம்மோனியா ஓடுது. அடுப்பு அடுப்பாப் போயி சூட்டை வாங்கிட்டு வெளிய இருக்க தகடுக்குப் போகும். அரைக் கால்பந்து மைதானம் அளவு தகடு. அது சூட்டை ஒளியா மாத்தி இருட்டுக்குள்ள வீசிரும். நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளி. வேற வழியே கிடையாது.”

“ரத்த ஓட்டம் மாதிரி.”

“ஆமா.”

“ரத்தம் ஒழுகிட்டா?”

“ஒழுகினது ஒழுகினதுதான். மேல போயி ரொப்ப ஆள் இல்ல. ஏழாம் கலம் அப்படித்தான் ஒழுகிச்சு. எதனாலங்கறதுதான் தெரியணும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மே மாதத்திலிருந்து அவன் குரல் அப்படித்தான் இருந்தது. மீனலோசனி பிளாஸ்க்கைத் திறக்காமலே அவன் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்கும் விஷயம் தெரியும். அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த மே மாதக் காலையில் ஏழாம் கலம் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் வேலைகளில் பாதியை உதறியது. உதறியதில் நான்கு மாவட்டங்களின் ஆம்புலன்ஸ் அழைப்பும் ஒன்று. அதை வேறு கலத்துக்கு மாற்றி முடிப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி ராஜகனி. தளவாயின் மனைவி.

சொந்த இழப்பு உள்ளவரைக் குழுவில் வைக்கலாமா என்று முதல் நாளே கேள்வி வந்தது. ஆனால் அந்தத் தகடுகளை வரைந்தவன் அவன். அவனைவிட அதை அறிந்தவர் நிறுவனத்தில் இல்லை. நிர்வாக இயக்குநர் பத்மநாபன் அவனைத் தனியே அழைத்து, “உங்களால முடியுமா?” என்று கேட்டார்.

“யாருன்னு தெரியணும் சார்” என்றான் தளவாய். அவ்வளவுதான் சொன்னான்.

*

கணினிக்கூடங்கள் தரையில் இருந்த காலம் ஒன்று உண்டு. அவை ஆற்றுத் தண்ணீரைக் குடித்தன. ஒரு கோடையில் ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் சாலையில் உட்கார்ந்துவிட்டன. எங்கள் வயலுக்கா, உங்கள் மெஷினுக்கா என்று கேட்டன. அரசாங்கம் பதில் சொல்ல முடியாமல் திணறிக்கொண்டிருந்தபோது நீள்வான் என்ற நிறுவனம் வந்தது. தண்ணீரும் வேண்டாம், நிலமும் வேண்டாம், மேலே கொண்டுபோய் வைத்துவிடுகிறோம், வெயில் அங்கே ஓயாமல் அடிக்கிறது, மின்சாரமும் இலவசம் என்றது. திருச்செந்தூருக்குத் தெற்கே செம்மண் தேரிக்காட்டில், பாகங்களைக் கோத்துக் கலம் பூட்டும் கூடம் எழுந்தது. இரண்டே ஆண்டில் பள்ளிக்கூட வருகைப்பதிவு முதல் பங்குச்சந்தை வரை எல்லாம் வானத்துக்கு ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் அழைப்பும் ஏறியது. தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த அறைகளைப் பூட்டினார்கள்.

ராஜகனி கலம் பூட்டும் பிரிவில் தலைமைப் பொறியாளர். தளவாய் வெப்பப் பிரிவு. இருவரும் சண்டை போட்டுத்தான் பழகினார்கள். அவன் தகட்டைப் பெரிதாக்கு என்பான். அவள் மடிக்க இடமில்லை என்பாள்.

“நீங்க வரைஞ்சிருக்கது கல்யாணப் பந்தலு. ராக்கெட்டுக்குள்ள மடிச்சு வைக்கணும் சாமி, தெரியும்ல?”

“பந்தல் சின்னதா இருந்தா மாப்பிள்ளை கருகிருவான்.”

“கருகட்டும். எனக்கு ஆணி அடிக்க இடம் வேணும்.”

கல்யாணத்துக்கு இரு வீட்டிலும் தடை சொல்லவில்லை. கூடத்துக்குப் பக்கத்திலேயே நிறுவனக் குடியிருப்பில் வீடு. இரண்டு வருஷம் இருந்தார்கள்.

அன்று வயிற்றுவலி என்று அவள் விடுப்பு எடுத்திருந்தாள். கரு கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்திருந்தது. கரு தங்கியதே இருவருக்கும் தெரியாது. அவன் தூசியில்லாக் கூடத்துக்குள் இருந்தான். அங்கே போன் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவள் முதலில் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். உங்கள் அழைப்பு வரிசையில் இருக்கிறது என்ற குரல் வந்திருக்கிறது. வரிசையில் இருக்கிறது என்றால் இருக்கும் என்று அவள் நம்பியிருக்கிறாள். அந்த வரிசையை மேலே அனுப்பியவளே அவள்தானே.

எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டியபோது மதியம் ஆகிவிட்டது. ராஜகனியின் கையில் இருந்த போன் அப்போதும் வரிசையில் காத்துக்கொண்டிருந்தது.

*

ஆய்வுக் கலம் ஒன்று ஏழாம் கலத்தை நெருங்கிப் படம் எடுத்தது ஆடி மாதத்தில். சின்னக் கலம். ஒரே ஒரு இடத்துக்குப் போய்வரத்தான் அதில் எரிபொருள் இருந்தது. படங்கள் இறங்கியதும் ஜெபராஜ் தளவாயைக் கூப்பிட்டான். படப்பிரிவில் அவன் ஒருவன்தான் தளவாயிடம் இன்னும் பழையபடி பேசிக்கொண்டிருந்தவன்.

“அண்ணாச்சி, வாங்க. நம்ம ஏழாம் நம்பர் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு.”

திரையில் தகட்டின் மடிப்பு தெரிந்தது. அம்மோனியாக் குழாய் கலத்திலிருந்து தகட்டுக்குத் தாண்டும் இடம் அது. வளையும் குழாய், அதன் தலையில் ஒரு மூட்டு; மேலே போய்த் தகடு விரியும்போது மூட்டின் உறை கழன்றுவிடும். மூட்டின் விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாக இருந்தது.

“இங்கனதான் ஒழுகுது” என்றான் ஜெபராஜ். “ஆனா கல்லு கில்லு பட்ட மாதிரி தெரியல. ஓட்டை இல்ல, குழியும் இல்ல. விளிம்புலேர்ந்து கசியுது. பக்கத்துல ஒரு கறை கெடக்கு பாருங்க, மஞ்சளா. பசையா இருக்குமோ?”

“பெரிசாக்கு.”

“கீழ சிவப்பாவும் இருக்கு. துருவா?”

“அலுமினியம் துருப்பிடிக்காதுலே.”

“அப்ப என்னது?”

தளவாய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பொட்டு அது. சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மெஷின் வைக்கிற பொட்டு. வெளியே அலுவலக வாசலில் ஜீப்புக்கும் ஜெனரேட்டருக்கும் லிஃப்டுக்கும் வைப்பார்கள். தூசியில்லாக் கூடத்துக்குள் வைக்கக் கூடாது. தலைமுடி ஒன்று விழுந்தால்கூடக் கூடத்தை நிறுத்திவிடுகிற இடம் அது.

எல்லோரும் சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைப்பார்கள். இதில் குங்குமம் நடுவில் இல்லை. சந்தனத்தின் கீழ் விளிம்பில், சொட்டப்போகிற துளி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படி வைக்கிற ஒருத்தியை அவனுக்குத் தெரியும்.

“அண்ணாச்சி?”

“தெரியல. குழுவுக்கு அனுப்பி வை.”

எழுந்து வெளியே வந்தான். காலுக்குக் கீழே செம்மணல் கொதித்தது. அவன் மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. கடையில் வாங்குகிற சந்தனப்பொடியில் மணல் உண்டு. ஈரமாக வைத்த பொட்டு காய்ந்து செதில் விடும். ஒரு பருக்கை மூட்டின் உதட்டுக்குள் போயிருக்கும். கலத்துக்கு வேலை கூடினால் மூட்டு சூடாகும், குறைந்தால் ஆறும். ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை அசையும். பருக்கை உள்ளேயிருந்து ரப்பர் வளையத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். இங்கே தரையில் சோதித்தபோது ஒழுகியிருக்காது. மேலே போய், மாதங்கள் கழித்து, மே மாதம் ஒரு காலையில்.

யாரென்று தெரியவேண்டும் என்றான். தெரிந்துவிட்டது.

*

“விண்கல் துகள்” என்றார் பத்மநாபன். “கடுகளவு போதும். துப்பாக்கிக் குண்டைவிட எத்தனையோ மடங்கு வேகம். யாரைக் குத்தம் சொல்ல முடியும்?”

அவர் அறையில் குளிர் அதிகம். மேசையில் அறிக்கையின் வரைவு இருந்தது. கையெழுத்துக்கான இடத்தில் தளவாயின் பெயர் அச்சாகியிருந்தது.

“விண்கல் பட்டா குழி இருக்கும் சார். படத்துல குழி இல்ல. மஞ்சளா ஒரு கறை இருக்கு.”

“பாத்தேன்.” பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க வீட்லயும் பூஜை உண்டு தளவாய். அது என்ன கறைன்னு நான் கேக்கல. யார் வச்சதுன்னும் கேக்கல. நீங்களும் கேக்க வேண்டாம்.”

“ஏன் சார்?”

“வானம் பண்ணின தப்புன்னா வானத்தோட போச்சு. மனுஷன் பண்ணினதுன்னா ஒரு பேர் வேணும். பதினோரு வீடும் மண்ணை வாரித் தூத்தறதுக்கு ஒரு பேரைத் தேடிட்டு இருக்கு. யார் பேரைக் குடுக்கப் போறீங்க?”

அவருக்குத் தெரிந்துதான் சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா என்று தளவாயால் கண்டுபிடிக்க முடியவில்லை. வரைவைக் கையில் எடுத்தான். விண்கல் துகளின் மோதலால் ஏற்பட்ட, முன்கூட்டி அறிய இயலாத சேதம். நல்ல வாக்கியம். அதில் யாருமே இல்லை.

“நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

“சரி சார்.”

வெளியே வந்ததும் அவனுக்குப் பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு நிஜமாகவே பசித்தது. கேன்டீனுக்குப் போய் இரண்டு பரோட்டா வாங்கினான்.

*

ஸ்டெல்லா எதிரில் வந்து உட்கார்ந்தாள். ராஜகனியின் கீழ் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். தட்டு எதுவும் எடுத்துவரவில்லை.

“அண்ணே, ஜெபராஜ் படத்தைக் காட்டினான்.”

அவன் பரோட்டாவைப் பிய்த்தான்.

“நான் அன்னைக்கு உள்ள இருந்தேன்ணே. போன வருஷம் ஆயுத பூஜை அன்னைக்கு. பாதிப் பேரு குலசைக் கோயில் தசராவுக்கு வேஷம் கட்டப் போயிட்டானுவ. நாங்க நாலு பேருதான். அக்காவால வெளிய பூஜைக்கு வர முடியல. உடை மாத்துற ரூம் வாசல் வரைக்கும் தட்டு வந்துச்சு. அக்கா கையுறை நுனியில தொட்டுக்கிட்டாங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். வேண்டாம்க்கான்னு சொன்னேன். ஆல்கஹால் போட்டுத் துடைச்சிருவேன் பிள்ளன்னாங்க. அதுக்கப்புறம் கிட்டப்போயி நின்னுக்கிட்டு, ஸ்டெல்லா, திரும்பி வரவே போறதில்ல இது, வெறும் நெத்தியோட எப்படி அனுப்புறதுன்னு கேட்டாங்க. நான் சிரிச்சிட்டேன்.” அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “சாயங்காலம் மூட்டு மேல உறையைப் போட்டு மூடிட்டாங்க. துடைச்சிருப்பாங்கன்னுதான் நெனச்சேன். நானும் கேக்கல.”

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல. சொல்லவும் மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்கண்ணே. செத்தவங்களைத் தோண்டி எடுத்து என்ன ஆகப்போகுது? சொன்னா திரும்பி வரவா போறாங்க?”

“வரமாட்டா.”

“அப்ப விட்டுருங்க.”

அவள் எழுந்து போனாள். தளவாய் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அவள் வைத்த பொட்டுகள் அப்படியே இருந்தன. அதே நாள் சாயங்காலம், கூடத்திலிருந்து வந்து குளித்துவிட்டு வைத்தவை. ஃபிரிஜ், கிரைண்டர், இன்வெர்ட்டர். வாஷிங் மெஷினின் கதவில் ஒன்று. அவனுடைய ஸ்கூட்டரில் ஒன்று. எல்லாவற்றிலும் குங்குமம் கீழே தொங்கியது. கை கழுவ வந்தவன் கண்ணாடிக்குக் கீழே தட்டில் கிடந்த நகவெட்டியைப் பார்த்தான். அதிலும் இருந்தது. மிளகளவு சந்தனம். அதன் விளிம்பில் ஊசிமுனை அளவு சிவப்பு.

அன்றைக்கு அவன் கேட்டது நினைவு வந்தது.

“நகவெட்டிக்கெல்லாமா?”

“ஒண்ணுக்கு வச்சிட்டு ஒண்ணை விட்டா அது என்ன நெனைக்கும்?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூடவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜை அன்று கூடத்துக்குள் ஏழாம் கலம் மட்டும் நிற்கவில்லை. எட்டும் ஒன்பதும் பக்கத்திலேயே நின்றன. மூன்றும் ஒரே நிலையில், மூட்டு திறந்தபடி. இப்போது மூன்றுமே மேலே இருக்கின்றன. ஏழிலிருந்து ஆம்புலன்ஸ் அழைப்பை மாற்றியது எட்டுக்கு. எட்டு நிறைந்தால் ஒன்பதுக்கு.

*

மறுநாள் குழு கூடியது. பத்மநாபன் பேனாவை நீட்டினார். தளவாய் வாங்கிக்கொள்ளவில்லை.

“விண்கல் இல்ல மேடம்” என்றான் மீனலோசனியிடம். “அந்தக் கறை சந்தனம். ஆயுத பூஜைப் பொட்டு. மூட்டு விளிம்புல வச்சிருக்கு. மணல் உள்ள போயி வளையத்தை அறுத்திருக்கு.”

அறையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

“யார் வச்சது?”

“ராஜகனி.”

மீனலோசனி தன் முன்னால் இருந்த காகிதத்தில் அந்தப் பெயரைத் தேடினார். இறந்தவர்களின் பெயர்களில் அது இருந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“உங்க...”

“ஆமா.”

“தளவாய், போதும், உக்காருங்க” என்றார் பத்மநாபன். “இவர் மனநிலை சரியில்ல மேடம். நாம ஒரு வாரம் தள்ளி வைப்போம்.”

“தள்ளி வைக்கக் கூடாது சார். எட்டிலும் இருக்கு. ஒன்பதிலும் இருக்கு. ஏழு ஒழுகிருச்சு. அதுக ரெண்டும் இனிமேதான் ஒழுகணும். ஆம்புலன்ஸை அதுகள்ல இருந்து இறக்கணும். இன்னைக்கே.”

“எட்டையும் ஒன்பதையும் யாராவது படம் எடுத்தாங்களா?” மீனலோசனி கேட்டார்.

“இல்ல. எடுக்க முடியாது. அங்க போக எரிபொருள் இல்ல.”

“யாராவது பாத்தாங்களா?”

தளவாய் ஸ்டெல்லாவை நினைத்தான். “இல்ல” என்றான்.

“அப்ப எப்படிச் சொல்றீங்க?”

“ஒண்ணுக்கு வச்சிட்டு இன்னொண்ணை விடமாட்டா மேடம்.”

“மிஸ்டர் தளவாய், இதை ஆதாரம்னு நான் எப்படி எழுதுவேன்?”

“எங்க வீட்ல நகவெட்டிக்கும் பொட்டு இருக்கு. வந்து பாருங்க.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மீனலோசனி பேனாவை எடுத்தார். பட்டாசு ஆலைகளில் அவர் நிறையப் பேரிடம் கேள்வி கேட்டவர். தன் பெண்டாட்டிக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரும் தானாக வந்ததில்லை.

“இன்னொண்ணு மேடம். ஒழுகினது பொட்டால. ஆனா சூடு ஏறினா எதை முதல்ல உதறணும்னு கலத்துக்கு ஒரு வரிசை போட்டுக் குடுத்திருக்கு. அதிக வாடகை மேல் படி, கம்மி வாடகை கீழ்ப் படி, ஆம்புலன்ஸ் கடைசிப் படி. கம்மி வாடகை குடுக்கறவங்களை முதல்ல உதறணும்னு வரிசை. அன்னைக்குக் காலையில ஏழாம் கலத்துல சினிமா விளம்பரம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. சூதாட்டம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அந்த வரிசையைப் போட்டது ராஜகனி இல்ல.”

“அது ஒப்பந்த விவகாரம்” என்றார் பத்மநாபன். “இந்தக் குழுவோட வரம்புல வராது.”

“ரெண்டையும் எழுதுங்க மேடம்” என்றான் தளவாய். “ஒண்ணை மட்டும் எழுதாதீங்க.”

*

ஆம்புலன்ஸை இறக்கினார்கள். மீனலோசனி அன்று மாலையே ஆணை வாங்கிவிட்டார். பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, தூசி தட்டி, வீட்டுக்கு அனுப்பிய பெண்களில் கிடைத்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஐப்பசியில் ஒன்பதாம் கலம் ஒழுகியது. ஏழைப் போலவே ஒரே காலையில் சூடு ஏறித் தன் வேலைகளை உதறியது. யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ அரை நாள் தாமதமாக வந்தது. வேறொன்றும் ஆகவில்லை. யாரும் சாகவில்லை. சாகாமல் போனவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

எட்டு இன்னும் ஒழுகவில்லை.

அறிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. மனிதத் தவறு என்றது. ராஜகனியின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. உதறும் வரிசை பற்றி ஒரு வரியும் இல்லை. மீனலோசனி எழுதிக் கொடுத்த பக்கங்கள் எங்கோ நின்றுவிட்டன. அவரும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் பன்னிரண்டாம் கலத்துக்கு மறுபடி ஏறியது, அதே கடைசிப் படிக்கு. பத்மநாபன் பேட்டிகளில் வருத்தத்தோடு பேசினார். இறந்தவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை, ஆனால் அறிவியலில் நம்பிக்கைக்கு இடமில்லை என்றார். விண்கல்லைவிட ராஜகனி அவருக்கு வசதியாக இருந்தாள். அதைத் தளவாய்தான் அவருக்குக் கொடுத்திருந்தான்.

தொலைக்காட்சியில் அவளுடைய கல்யாணப் படத்தைப் போட்டார்கள். நெற்றிப் பொட்டைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார்கள். ஸ்டெல்லா அவனைக் கண்டால் வேறு வழியாகப் போனாள். பதினொரு வீடுகளில் ஒரு வீட்டுக்காரர்கள் குடியிருப்பு வாசல்வரை வந்து கத்திவிட்டுப் போனார்கள். தளவாய் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றான். அவர்கள் கத்தி முடிக்கும்வரை நின்றான். அவன் யாரென்று தெரிந்ததும் அதில் ஒரு கிழவர், “உனக்கும்தானய்யா போச்சு” என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

ராஜகனியின் அம்மா உடன்குடியிலிருந்து போன் செய்தாள்.

“மாப்ள, டீவியில எம்பிள்ள படத்தப் போடுதான். பதினோரு பேரக் கொன்னவளுன்னு சொல்லுதான். நீங்கதான் சொன்னியளாமே?”

“ஆமா அத்தை.”

“நெசமாவே நீங்கதானா?”

“நாந்தான்.”

அவள் அழவில்லை.

“அவளுக்கு அப்பிடிப் பொட்டு வைக்கச் சொல்லிக் குடுத்தது நாந்தான மாப்ள. எம்பேரச் சொல்லியிருக்கப்படாதா?”

அவள் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு கூப்பிடவில்லை. அவன் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

*

பதினான்காம் கலத்துக்கு அவனையே தலைமைப் பொறியாளராகப் போட்டார்கள். ராஜகனி பார்த்த வேலை. மறுக்கத் தோன்றவில்லை. ஏற்கவும் தோன்றவில்லை. போனான்.

அறிக்கைக்குப் பிறகு புது நடைமுறை வந்திருந்தது. மூட்டின் மேல் உறையைப் போட்டு மூடுவதற்கு முன்னால் தலைமைப் பொறியாளர் ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்க வேண்டும். விளக்கோடு நிற்பவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அன்று விளக்கைப் பிடித்திருந்தவள் சேலத்திலிருந்து புதிதாக வந்திருந்த பிரவீணா. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. நல்ல சுறுசுறுப்பு.

“வளையம்?”

“சரியா உக்காந்திருக்கு சார்.”

“திருகு?”

“இறுக்கியாச்சு.”

“முடி, நூல்?”

“இல்ல சார்.”

“மூடிரலாம்.”

அவள் நகரவில்லை.

“சார், ஒண்ணை விட்டுட்டீங்க.”

“எதை?”

“ராஜகனி.”

ஊதா விளக்கை வைத்து மூட்டு விளிம்பில் பொடி, பசை, சாந்து ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. வேறு நிறுவனங்களின் கூடங்களிலும் இப்போது இப்படித்தான் சொல்கிறார்களாம்.

“அது ஏதாச்சும் கெமிக்கல் பேரா சார்?” என்று கேட்டாள் பிரவீணா. “டிரெய்னிங்ல கேட்டேன். யாருக்கும் தெரியல.”

“கெமிக்கல் இல்ல.”

அவள் காத்திருந்தாள். நடைமுறைப்படி அவன் கேட்க வேண்டும். கேட்காமல் அவள் விளக்கைப் போட முடியாது. கூடத்தில் காற்று வடிகட்டிகளின் இரைச்சல் மட்டும் இருந்தது. பதினான்காம் கலம் மூட்டைத் திறந்துகொண்டு, சுத்தமாக, வெறுமையாக நின்றது.

“ராஜகனி?” என்று கேட்டான் தளவாய்.

பிரவீணா ஊதா விளக்கை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் கொண்டுபோனாள். இன்னொரு வட்டம். குனிந்து பார்த்தாள்.

“இல்ல சார்.”

இல்லை என்று அவன் குறித்துக்கொண்டான்.